‘உன் இஷ்டம்’ என்பது சம்மதம் இல்லை

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 39 வயது, திருமணமாகி 15 வருடம். 14 வயதில் மகள், 8 வயதில் மகன், கூடவே 71 வயது மாமியார். வேலை பார்க்கும் இடத்தில் பெரிய பதவி உயர்வு தருகிறார்கள், ஆனால் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேரக்கூடிய வேறொரு ஊரில். மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் சிறிய அளவில் சொந்தத் தொழில் செய்கிறார், போனால் அதை அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவரிடம் கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறார். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாமியார் “நான் எங்கே இருந்தால் என்ன” என்கிறார். நீங்கள் ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்து, போவதற்குக் காரணங்கள், இருப்பதற்குக் காரணங்கள் என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். போவதற்கு 9, இருப்பதற்கு 17. கணக்கு முடிந்தும் மனசு ஆறவில்லை. “நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத்தை நானே கலைக்கப் பார்க்கிறேனா, இது சுயநலமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சுயநலம் என்ற சொல்லை ஓரமாக எடுத்து வையுங்கள். இதே பதவி உங்கள் கணவருக்கு வந்திருந்தால் அவர் இப்படி ஒரு கடிதம் எழுதியிருப்பாரா? பெரும்பாலும் மாட்டார். அவரைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, இத்தனை வருடமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் “எனக்கு இது வேண்டும்” என்று சொல்லும்போதே மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான் என்பதால் கேட்கிறேன். வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. நினைத்ததை மற்றவர்கள் தலையில் எப்படி இறக்குகிறோம் என்பதில்தான் தப்பும் சரியும் இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்கப் பேசப்போகிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருப்பதற்கான 17 காரணங்களில் 12 வரிகள் ‘போய்விடும்’, ‘இருக்காது’, ‘விட்டுப்போகும்’ என்றுதான் முடிகின்றன. அதாவது இங்கே இருப்பதில் என்ன நன்மை என்று நீங்கள் எழுதவில்லை, போனால் என்னென்ன கைவிட்டுப்போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் குறை இல்லை, மனித மனமே அப்படித்தான். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து இது நன்றாகவே தெரிந்த விஷயம்: கிடைக்கப்போகும் ஒன்று தரும் சந்தோஷத்தைவிட, அதே அளவு ஒன்றை இழப்பதன் வலி நமக்குப் பெரிதாகத் தெரியும், ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். ஆகவே 17-க்கு 9 என்பதைத் தராசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தராசில் ஒரு தட்டு முதலிலேயே கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியை மட்டும் எழுதி, அடித்து, மறுபடி மேலேயே அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். ‘அவர் மனசு.’ மற்ற 25 வரிகளையும் விட அந்த ஒரு வரிதான் எனக்குக் கனமாகத் தெரிந்தது.

சரி, அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ‘ஸ்திரம்’ என்கிற விஷயத்தைக் கொஞ்சம் பேசிவிடலாம். போகாமல் இருந்துவிட்டால் எல்லாம் இப்படியே இருக்கும் என்பதுபோல் உங்கள் கடிதம் முழுக்க ஒரு நினைப்பு ஓடுகிறது. அப்படி இருக்காது. நான்கு வருடத்தில் மகளுக்கு 18 ஆகிவிடும், படிக்க எங்கேயாவது போகக்கூடும். மாமியாருக்கு 75 ஆகும். இந்தப் பதவி வேறொருவருக்குப் போகும், அவருக்குக் கீழே நீங்கள் வேலை பார்ப்பீர்கள். கணவரின் தொழில் வளரலாம், படுக்கலாம். இருப்பது என்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. என்ன, அந்த விலை தவணையில் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள்: இங்கேயே இருந்தால் ஐந்து வருடம் கழித்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? காலையில் யார் முதலில் எழுகிறார்கள், யார் வீட்டில் இருக்கிறார்கள், நீங்கள் என்ன மனநிலையில் வேலைக்குக் கிளம்புகிறீர்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம், அந்த ஒரு நாளை மட்டும் எழுதுங்கள். போனால் வரும் செவ்வாய்க்கிழமையையும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், 17-க்கு 9 சொல்லாத ஏதோ ஒன்று தெரியவரும்.

இப்போது ‘உன் இஷ்டம்’.

இந்த இரண்டு சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மறுப்பு என்று எடுத்துக்கொண்டு தங்கிவிட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அடிபட்டிருக்கிறார்கள். ஒரு தம்பதி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், இதேபோன்ற ஒரு வாய்ப்பை மனைவி வேண்டாம் என்று விட்டுவிட்டார். கணவர் அவரை விடச் சொல்லவே இல்லை. இவராகவே அவர் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தார். ஆறு வருடம் கழித்து என்னிடம் வந்தபோது, மகனின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சைத் தொடங்கிய அந்தப் பெண், மூன்றாவது நிமிடத்தில் “உங்களுக்காகத்தானே அதை விட்டேன்” என்றார். கணவர் நிமிர்ந்து பார்த்து, “நான் எப்போது கேட்டேன்?” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தப் பெண் சொன்னதும் உண்மை. கேட்காத கடனை ஒருவர் ஆறு வருடமாக வசூலித்துக்கொண்டிருந்தார், வாங்காத கடனுக்கு இன்னொருவர் ஆறு வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

குடும்பத்தை உடைப்பது ஊர் மாறுவதோ மாறாமல் இருப்பதோ இல்லை. ஒருவர் எடுத்த முடிவை மற்றவர்கள் சும்மா சுமப்பதுதான் உடைக்கிறது, நான் பார்த்தவரை.

ஆகவே அவரிடம் மறுபடி போய் “போகலாமா வேண்டாமா” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘உன் இஷ்டம்’தான் பதில், ஏனென்றால் வேண்டாம் என்று சொன்னால் மனைவியின் முன்னேற்றத்தைத் தடுத்தவர் ஆகிவிடுவார், போகலாம் என்றால் தன் தொழிலைத் தானே மூடியவர் ஆகிவிடுவார். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நின்றுகொண்டு அவர் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். கேள்வியை மாற்றுங்கள். “போனால் உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருக்கும்?” என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் ஏதாவது சொன்னதும் “அதற்கு நாம் இப்படிச் செய்துகொள்ளலாமே” என்று உடனே வழி சொல்லாதீர்கள். நம்மில் பலர் செய்யும் தவறு இது, வழி சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். சொந்தத் தொழில் செய்கிறவருக்குத் தொழில் என்பது வருமானம் மட்டும் இல்லை, காலையில் கடைச் சாவியோ அலுவலகச் சாவியோ எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் யாராக இருக்கிறாரோ அதுவும் சேர்ந்ததுதான். அங்கே போனால் ஒரு வருடமாவது அவர் ‘இன்னாருடைய கணவர்’ என்று மட்டும்தான் அறியப்படுவார். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். நீங்களே மெதுவாக எடுத்துக் கொடுத்தால் தப்பில்லை.

அவர் உண்மையான பதில் “எனக்கு வேண்டாம்” என்பதாகவும் இருக்கலாம். அதைக் கேட்கவும் தயாராகப் போங்கள். வெளிப்படையான ‘வேண்டாம்’ என்றால் உட்கார்ந்து பேசலாம், பேரம் பேசலாம், சண்டைகூடப் போடலாம். ‘உன் இஷ்டம்’ என்பதோடு எதுவும் செய்ய முடியாது.

அப்புறம், மாற்றத்தின் பாரம். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 நிகழ்வுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஈடுகொடுக்க மனிதருக்கு எவ்வளவு சிரமம் என்று எண் கொடுத்தார்கள். வாழ்க்கைத்துணையின் மரணம் 100. திருமணம் 50. நல்ல விஷயம்தானே, அதற்கு ஏன் 50 என்றால், நல்லதோ கெட்டதோ, புதிதாக ஒன்றுக்குப் பழக உடம்பும் மனசும் உழைத்தாக வேண்டும். உங்கள் விஷயத்தை அதில் வைத்துப் பாருங்கள்: வேலையில் பொறுப்பு மாறுவது 29, வீடு மாறுவது 20, பள்ளி மாறுவது 20, வாழும் சூழல் மாறுவது 25, தொழிலில் பெரிய மாற்றம் 39. கூட்டினால் 133. தனித்தனியாக எதுவும் பெரிதில்லை, எல்லாம் ஒரே மாதத்தில் ஒரே வீட்டுக்குள் வந்து விழுவதுதான் பெரிது. அது ரொம்பப் பழைய அளவுகோல், சராசரிக் கணக்கு, உங்கள் தலைவிதி இல்லை. ஆனாலும் அதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். போவதென்றால், புதிய ஊரில் புதிய வீட்டுக் கடன், மகனுக்குப் புது வகுப்புகள், உங்களுக்குப் புதிய உடற்பயிற்சி என்று முதல் வருடத்தில் எதையும் சேர்க்க வேண்டாம். வாடகை வீடு, பழைய சாமான், பழைய நேர அட்டவணை. எவ்வளவு பழையதைக் கூட எடுத்துக்கொண்டு போக முடியுமோ அவ்வளவும் போகட்டும்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியது மூன்றே வரி. எனக்கு அது குறைவாகப்பட்டது. “சின்னப் பெண், பழகிவிடுவாள்” என்று முடித்திருக்கிறீர்கள். 14 வயதில் தோழிகள்தான் உலகம். ஷிகெஹிரோ ஒய்ஷியும் உல்ரிக் ஷிம்மாக்கும் 2010-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிறு வயதில் அடிக்கடி வீடு மாறியவர்களுக்குப் பெரியவர்களான பிறகு மனநிறைவு குறைவாக இருப்பது தெரிந்தது, ஆனால் எல்லோருக்கும் இல்லை, சட்டென்று பழகாத, தனக்குள்ளேயே இருக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு. கலகலப்பாகப் பழகுகிறவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அதுவும் அடிக்கடி மாறியவர்களைப் பற்றியது, ஒரு தடவை மாறுவது அதே அல்ல. ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் மகள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். கதவைச் சாத்திக்கொள்கிறவள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் 11-ஆவது வயதில் நாங்கள் வீடு மாறினோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பள்ளியிலிருந்து வந்தேன், என் அலமாரி காலியாக இருந்தது, துணியெல்லாம் மூட்டையாகக் கட்டியிருந்தது. அந்த வீட்டின் பின்கதவுச் சாவி ஒன்று என் பென்சில் பெட்டியில் இருந்தது, அதைக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. புது வீடு பழைய வீட்டைவிட நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ரொம்ப நாள் அந்தச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை வலித்தது வீடு மாறியதில்லை, காலி அலமாரியைப் பார்த்துத்தான் அது எனக்குத் தெரியவந்தது என்பது.

உங்கள் மகளுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கொடுக்கச் சொல்லவில்லை. அந்தச் சுமையை அந்த வயதில் வைக்கவும் கூடாது, “நீ வேண்டாம் என்றதால்தான் அம்மா போகவில்லை” என்று அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். ஆனால் அவளிடம் இருந்து சிலதைக் கேட்டு வாங்கலாம்: எப்போது போவது, எந்தப் பள்ளி, விடுமுறைக்குத் தோழியை அழைத்து வருவது, எந்த அறை. இதிலெல்லாம் அவள் சொல் நிஜமாகவே நடக்க வேண்டும். மகன் 8 வயது, உங்கள் முகம் நன்றாக இருந்தால் அவன் பழகிக்கொள்வான். மாமியாரின் “எங்கே இருந்தால் என்ன” என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் உங்கள் கணவரின் ‘உன் இஷ்டம்’ வந்த அதே இடத்திலிருந்துதான் வருகிறது. தினமும் யாரோடு பேசுகிறார், எந்த டாக்டரை நம்புகிறார் என்று பாருங்கள். அந்த வயதில் ஸ்திரம் என்பது அந்த இரண்டு மூன்று மனிதர்கள்தான்.

“நான் மட்டும் முதலில் போய், ஆறு மாதம் கழித்து இவர்களை அழைத்துக்கொள்ளலாமா” என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தேதி குறித்தால் செய்யலாம். தேதி இல்லாமல் செய்யாதீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு வருடம் நின்ற வீடுகள் எனக்குத் தெரியும், எந்த ஊரிலும் எதையும் ஊன்றாமல், வாராவாரம் பயணக் களைப்போடு, சனி ஞாயிறு இரண்டு நாளும் கணக்கு வழக்கு பேசியே தீர்த்துக்கொண்டு.

பேச்சு கொஞ்சம் இளகிய பிறகு, எல்லோரும் உட்கார்ந்து ஒரு காரியம் செய்து பாருங்கள். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் நிர்வாகிகளுக்காக எழுதிய முறை, குடும்பத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது. “போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, இந்த முடிவு படுதோல்வி. ஏன்?” என்று ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதும்போது யாரும் பேசக் கூடாது. “பிரச்சினை வருமா?” என்று கேட்டால் நல்ல மனிதர்கள் “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்பார்கள், தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் கேட்டால் மனசில் இருப்பதை எழுதிவிடுவார்கள். அப்புறம் அதையே இருப்பதற்கும் எழுதச் சொல்லுங்கள்: “போகவில்லை, ஒரு வருடம் ஆகிவிட்டது, எல்லோரும் வருத்தத்தில் இருக்கிறோம். ஏன்?” இந்த இரண்டாவது தாளில் உங்கள் கணவர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள், எனக்கு ரொம்ப ஆர்வமாக இருக்கிறது.

இனி, என் கருத்து. நேராகக் கேட்டிருக்கிறீர்கள், மழுப்பக் கூடாது.

போகலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் ஒரு விசித்திரமான பரிசோதனை செய்தார், 2020-இல் வெளிவந்தது. வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்ட வைத்தார், 20,000-க்கும் மேற்பட்ட தடவை சுண்டப்பட்டது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, ‘மாறு’ என்று விழுந்தவர்கள் அதிகம் மாறியிருந்தார்கள், சந்தோஷமாகவும் இருந்தார்கள். இதில் நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: இத்தனை நாள் தூங்காமல் யோசிக்கும் அளவுக்குப் போகிறவர், பெரும்பாலும் மாறவேண்டிய நேரத்தைத் தாண்டியே யோசித்துக்கொண்டிருப்பார். ஆனால் அங்கே கணக்கில் வந்தது நாணயம் சுண்டியவரின் சந்தோஷம், வீட்டில் இருந்த மற்றவர்களுடையது இல்லை. அதனால்தான் என் ‘போகலாம்’ நிபந்தனையோடு வருகிறது. கணவர் ‘உன் இஷ்டம்’ என்பதைத் தாண்டி, தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும், அதில் ஒன்றாவது எழுத்தில் திட்டமாக மாறியிருக்க வேண்டும். மகளின் கல்வியாண்டு முடியாமல் அவளை நகர்த்தக் கூடாது. திரும்பி வர ஆகும் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், அதில் கைவைக்கக் கூடாது.

அதே சமயம் “பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம்” என்று வீட்டில் சொல்லாதீர்கள். ஆறுதலாகத்தான் கேட்கும், ஆனால் யாரையும் வேர்விட விடாது. டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002-இல் காட்டியது இது: தாங்கள் எடுத்த புகைப்படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னபோது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி இருந்த மாணவர்களுக்கு, அந்த வசதி இல்லாதவர்களைவிடத் தங்கள் படம் பிடிக்காமல் போனது. ஆகவே பதினெட்டு மாதம் என்று வையுங்கள். அதுவரை திரும்புவது பற்றிப் பேச்சே இல்லை, அந்தத் தேதியில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம், அன்றைக்கு ஒருவர் ‘முடியவில்லை’ என்றாலும் கேட்போம்.

பேசி முடித்தபின் இருப்பதுதான் என்று முடிவானாலும் இதே அக்கறையோடு இருங்கள். அலுவலகத்துக்கு நீங்களே எழுதுங்கள், “வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை” என்று காரணம் காட்டாமல், நான் இப்போதைக்கு வரவில்லை என்று உங்கள் பெயரில். வீட்டிலும் அதே வாக்கியம்தான். “உங்களுக்காகத்தான்” என்ற சொல் வாயில் வரும் நாளில் அந்தச் சண்டையை வேறு காரணத்துக்குப் போடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. ஸ்திரம் என்று நீங்கள் கட்டிக்காப்பது அடி, மிரட்டல், பயம் இருக்கும் வீடு என்றால் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு இல்லை. அங்கே முதல் கேள்வி பாதுகாப்பு மட்டும்தான், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

மூன்று வாரத்தில் எத்தனை நாள் போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக்கே மேலதிகாரியிடம் இன்னும் இரண்டு வாரம் கேளுங்கள், உங்களை வேண்டும் என்று அழைப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கொடுப்பார்கள். இன்றைக்கு ராத்திரி, எல்லோரும் படுத்தபின், மகளின் கதவைத் தட்டி உள்ளே போய் உட்காருங்கள். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, முடிவாகும் முன்னால் உன்னிடம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.